தெருவில் போடும் இலை

“மச்சம், தழும்பு, அந்த மாதிரி எதுனா இருந்தா சொல்லுங்கம்மா. சின்ன வயசுல பட்டதா இருந்தாக்கூடப் பரவால்ல.”

“அதெல்லாம் எதுக்குக் கேக்கறப்பா?”

“அடையாளத்துக்குத்தான்மா.”

“உசுரோட இருக்கறவனுக்கு இன்னாத்துக்கு அடையாளம்? பேரு கேட்டா அவனே சொல்ல மாட்டானா?”

கேட்டவர் பேனாவை மூடினார். பதில் சொன்னவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அரிசியில் கல் எதுவும் இல்லை. அரை மணி நேரமாக அவள் அதையே புடைத்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர் பெயர் ஜோசுவா. வெளிநாட்டு வேலைக்குப் போய் மாட்டிக்கொண்டவர்களை மீட்கிற சென்னை அமைப்பு ஒன்றில் இருக்கிறார். பிள்ளையார்பாளையத்தில் இந்த வீட்டுக்கு அவர் வருவது இது மூன்றாம் தடவை. முதல் தடவை லோகாம்பாள் அவரை உட்காரவைத்துச் சோறு போட்டாள். இரண்டாம் தடவை காப்பி. இன்று தண்ணீர்ச் செம்பை மருமகள் சங்கீதாதான் கொண்டுவந்து வைத்தாள்.

அடையாளம் எதற்கு என்பதில் ஜோசுவா பொய் சொல்லியிருக்கலாம். தாய்லாந்துக்குப் பக்கத்து நாட்டில், ஆற்றங்கரையில், சுவரும் கம்பிவேலியும் போட்ட ஒரு வளாகம். உள்ளே வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். முகம் தெரியாதவர்களிடம் பேசிப் பழகி ஏமாற்றுகிற வேலை. லோகாம்பாளின் மகன் பிரேம்நாத் அங்கேதான் இருந்தான். போன மாதம் ராணுவம் உள்ளே புகுந்து ஆட்களை வெளியே கொண்டுவந்தது. வந்தவர்களில் சிலர் அடிபட்டு, பெயர்கூடச் சொல்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். சிலர் பிணவறையில். இரண்டு பட்டியலுக்கும் இந்த ஒரே தாள்தான் என்று ஜோசுவா மறைக்காமல் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் லோகாம்பாள் முறத்தை எடுத்தாள்.

உள்கூடத்தில் லோகாம்பாளின் கணவர் சபாபதி தறியில் இருந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் மிதிகட்டைச் சத்தம் ஒருமுறை நின்று மறுபடி தொடங்கியது. ஆடிக் காற்று காலையிலிருந்தே சந்துக்குள் புகுந்து புழுதியை வாரிக்கொண்டிருந்தது. வானம் மூடியிருந்தாலும் மழை இல்லை. இந்த வறண்ட காற்றில் பட்டிழை சும்மா சும்மா அறும். அவர் அறுந்த இழையை எச்சில் தொட்டு முறுக்கி முடிந்துவிட்டு, முடிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கீதாதான் சொன்னாள். கணக்குப் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். இடது முழங்காலுக்குக் கீழே, நெய்யும்போது கால் இறக்கி உட்காருகிற தறிக்குழியில் இறங்கும்போது பலகை இடித்த தழும்பு. வலது முன்கையில் சாயத் தண்ணீர் கொட்டிய இடம், இன்னும் வெளுப்பாக இருக்கும். வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காய்ப்பு.

அவன் போய் இரண்டரை வருஷம் ஆகிறதே, காய்ப்பு இன்னுமா இருக்கும் என்று ஜோசுவா கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. தறியிலிருந்து குரல் வந்தது.

“இருக்கும் தம்பி. எட்டு வயசுல வந்தது. அது போவாது.”

ஜோசுவா எழுதிக்கொண்டார். தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தபோது, தெருமுனைவரை வந்தால் நல்லது என்று சங்கீதாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

தெருவில் ஒரு வீட்டார் தறியில் ஏற்றுவதற்கான நீள இழைகளை, புதுப் பாவு ஒன்றை, நீட்டிக் கட்டியிருந்தார்கள். கருநீலப் பட்டிழைகள் தெருவின் பாதி நீளத்துக்கு இடுப்பளவு உயரத்தில் போய்க்கொண்டிருந்தன. கடலைப் பார்க்காத ஊரில், அந்த நேரம் மட்டும் தெருவுக்குள் ஒரு துண்டுக் கடல் வந்து நிற்பதுபோல இருக்கும். அதன் ஓரமாகவே நடந்தார்கள். ஜோசுவா வண்டியருகே வந்து நின்றுகொண்டு, கேட்பதற்கே தயங்கினார்.

மீட்கப்பட்டு வந்தவர்களில் செய்யாறு, ஆரணிப் பக்கத்துப் பையன்கள் நான்கு பேர் இருக்கிறார்களாம். தங்களுக்குப் போன் செய்து வேலை இருக்கிறது என்று கூப்பிட்டவன் காஞ்சிபுரத்துப் பேச்சுப் பேசினான் என்று அதில் ஒருவன் சொல்கிறானாம். கூப்பிட்டவன் தன் பெயர் கெவின் என்றானாம். அங்கே எல்லாருக்கும் வேறு பெயர்தான் வைப்பார்கள். வெளியே விடச் சொன்னால், உனக்குப் பதில் இரண்டு பேரை வரவழை என்பார்கள். சிலர் வரவழைத்திருக்கிறார்கள்.

“இந்தத் தாள்ல கடைசியா ஒரு கட்டம் இருக்குது சிஸ்டர். பாதிக்கப்பட்டவரா, ஆள் சேர்த்தவரான்னு. நான் இன்னும் நிரப்பல. உங்ககிட்ட யாரையாவது அனுப்பச் சொல்லிக் கேட்டாரா உங்க வீட்டுக்காரரு?”

“இல்ல.”

“நல்லா யோசிச்சு சொல்லுங்க.”

“யோசிச்சிட்டேன். கேக்கல.”

ஜோசுவா வண்டியைக் கிளப்பினார். வண்டி போன பிறகும் அவள் அந்தக் கருநீலத்தின் பக்கத்திலேயே நின்றாள். ஒதுங்கி நிக்கச் சொல்லு, முந்தானை இழையில மாட்டிக்கப்போவுது என்று யாரோ கத்தியபோதுதான் வீட்டுக்குத் திரும்பினாள்.

பிரேம்நாத் பி.காம் முடித்தவன். முடித்துவிட்டும் தறியில்தான் உட்கார்ந்திருந்தான். கூடப் படித்த ஒருவன், கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுகிற வேலை, தங்க இடம், சாப்பாடு எல்லாம் கொடுப்பார்கள் என்று சொன்னபோது தை மாதம். பொங்கல் கழிந்து பத்தாம் நாள் விமானம் ஏறினான். போன இடத்தில் படகில் ஆற்றைக் கடக்கவைத்தார்கள். அக்கரையில் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, தெரியாத எழுத்தில் அச்சடித்த காகிதங்களில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எத்தனை வருஷத்துக்குப் போட்டோம் என்று ஆறு மாதம் கழித்துத்தான் அவனுக்கே தெரிந்தது. வாரத்துக்கு ஒருமுறை போன் வரும். பக்கத்தில் ஆள் நிற்பது குரலிலேயே தெரியும். நல்லா இருக்கேன் என்பான். ஒருமுறை சிரித்துக்கொண்டே, என் பேரு இப்ப கெவின் என்று சொன்னான்.

கடைசிப் போன் போன வருஷம் சித்திரையில் வந்தது. வீட்டில் அப்போது சங்கீதா மட்டும் இருந்தாள். தறிக்கு வேண்டிய நூலை ராட்டினத்தில் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அன்று அவன் பக்கத்தில் யாரும் இல்லை. கிசுகிசுவென்று, அழுதபடி பேசினான். ஒரு ஆள் கிடைத்துவிட்டான், இன்னும் ஒரே ஒரு ஆள் வந்தால் போதும், என்னை விட்டுவிடுவார்கள், உன் தம்பி அருளை அனுப்பு என்றான். அவன் சின்னப் பையன், ஒரு வருஷம் தாங்கிக்குவான், நான் வெளியே வந்து அவனை எடுத்துடறேன் என்றான். அவளுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் மாட்டேன் என்றாள். அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். அவள் போனை வைத்துவிட்டாள். ராட்டினம் தானாகச் சுற்றி நின்றது.

லைன் கட்டாகிடுச்சு அத்தே என்றுதான் வீட்டில் சொன்னாள். அதன் பிறகு போன் வரவில்லை. மறுத்ததால் அடித்துக் கொன்றுவிட்டார்களோ என்று ஒரு வருஷத்துக்கு மேலாகத் தனியாக நினைத்துக்கொண்டிருந்தாள். சோற்றில் கை வைக்கும்போது நினைப்பாள், குழாயடியில் குடம் நிறையும்போது நினைப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் அந்த நினைப்பு வேறாக மாறியது. ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிற அருள், அவள் பிறந்த ஐயம்பேட்டை வீட்டுக்கு லீவில் வந்தவன், அவளுக்கு ஒரு மெசேஜை அனுப்பி, அக்கா இது யாருன்னு பார்த்தாலே உனக்குத் தெரியும், நல்ல ஆஃபரா இருக்குது, போலாமா என்று கேட்டிருந்தான். கெவின் என்ற பெயரில் வந்த மெசேஜ். அனுப்பியது நாலு நாள் முன்னால். அதாவது ராணுவம் புகுந்ததற்குப் பிறகும் அவன் உயிரோடு வேறெங்கோ இருந்து ஆள் தேடுகிறான். அதை அவள் எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. அருளைக் கூப்பிட்டு, அதற்குப் பதில் போட்டால் உன் செத்த மூஞ்சிலகூட முழிக்க மாட்டேன் என்றாள். அவன், ஏன்க்கா இப்படி டென்ஷன் ஆவற என்று சிரித்தான். போக மாட்டேன் என்று மட்டும் அவன் சொல்லவில்லை.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் சபாபதியின் தங்கை அம்சவேணி வந்தாள். கூடத்தில் மூன்று பெண்களும் காய் நறுக்க உட்கார்ந்தார்கள். வாழைக்காய், புடலங்காய், சேனை. வாழைக்காய்ப் பால் சங்கீதாவின் விரல்களில் கறுப்பாக ஒட்டியது. கூடத்தின் மறுபக்கம் பிரேம்நாத்தின் தறி, பழைய சேலை ஒன்றால் மூடிக் கிடந்தது. அவன் எழுந்துபோன அன்றைக்கு எந்த இடத்தில் நிறுத்தினானோ அதே இடத்தில், பாதிச் சேலையோடு. லோகாம்பாள் வெள்ளிக்கிழமைதோறும் மூடியிருக்கும் சேலையை எடுத்து உதறிவிட்டு மறுபடி போர்த்துவாள். பாவில் கை வைக்க யாரையும் விடமாட்டாள்.

அம்சவேணி கொஞ்ச நேரம் சேனையின் அரிப்பைப் பற்றிப் பேசினாள். அப்புறம் விஷயத்துக்கு வந்தாள். சர்வதீர்த்தக் குளக்கரையில் ஒரு ஐயர் இருக்கிறார். தகவல் இல்லாமல் போனவர்களுக்கு, தர்ப்பையில் ஆள் மாதிரி கட்டி, எல்லாக் காரியமும் முறையாகச் செய்து கொடுக்கிறார். பன்னிரண்டு வருஷம் காத்திருப்பதெல்லாம் அந்தக் காலம். சங்கீதாவுக்கு இருபத்தெட்டு வயசுதான். அவளை எத்தனை நாளைக்கு இப்படி உட்காரவைப்பது.

“எங்க வூட்டுல அந்தப் பழக்கம் இல்ல அம்சா.”

“எங்க வூடா? நான் பொறந்த வூடு அண்ணி அது. நீ நடுவுல வந்தவ.”

“நடுவுல வந்தவதான் முப்பத்தஞ்சு வருஷமா வருஷாவருஷம் தெருவுல போடற இலைக்கு ஆக்கிக்கினு இருக்கறேன். பொறந்தவ வந்து வடைய துன்னுட்டுப் போயிடற.”

அம்சவேணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வருஷம் வடை கொஞ்சம் மெத்தென்று இருக்கட்டும், போன வருஷம் பல்லு ஆடிப்போச்சு என்றாள். லோகாம்பாளும் லேசாகச் சிரித்தாள். பிறகு அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு, மருமகள் பக்கம் திரும்பி, ஏன் அந்தப் பழக்கம் இல்லை என்று சொல்லத் தொடங்கினாள். சங்கீதா அந்தக் கதையைத் துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறாள். முழுசாக இன்றுதான் கேட்டாள்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் இந்தத் தெருவில் தறிக் கட்டையை விறகுக்கு விற்றார்களாம். சபாபதியின் தாத்தாவுக்கும் தாத்தா முறையில் தில்லைநாயகம் என்று ஒருவர். கல்யாணமாகி இரண்டு வருஷம். வேகவதி ஆற்றங்கரையில் ஒரு ஏஜெண்டு கஞ்சி ஊற்றுகிறான் என்று போனவர், அவனோடேயே மெட்ராஸுக்குப் போய்விட்டார். கரும்பு வெட்ட அஞ்சு வருஷ எக்ரிமெண்டு. கடலுக்கு அந்தப் பக்கம், தென்னாப்பிரிக்காவில், நெட்டால். கப்பல் ஏற்றுகிற டிப்போவில் வெள்ளைக்காரன் கையைத் திருப்பிப் பார்ப்பான், நெசவுக்காரன் கை என்று தெரிந்தால் தள்ளிவிடுவான் என்று ஏஜெண்டு பயம் காட்டினானாம். மூன்று நாள் கருங்கல்லில் கையைத் தேய்க்கச் சொன்னானாம். பேரு முனியன், ஊரு ஐயம்பேட்டை, தொழிலு விவசாயம் என்று எழுதிக்கொடுத்தானாம். கழுத்தில் நம்பர் அடித்த தகர வில்லையைக் கட்டிக் கப்பலில் ஏற்றினார்கள்.

“அங்கதான் தப்பு ஆயிடுச்சு,” என்றாள் லோகாம்பாள். “கடுதாசி போடச் சொன்னா அந்த முனியன் பேருல, ஐயம்பேட்டைக்குத்தான் போடணும். நெஜ ஊரச் சொன்னா பொய் சொன்னது தெரிஞ்சிடும், ஜெயில்ல போட்டுடுவான்னு பயம். கடுதாசிங்க ஐயம்பேட்டைக்கு வந்து, அப்படி ஒருத்தனும் இல்லன்னு திரும்பிப் போயிடுச்சு. இங்க ஒரு சேதியும் இல்ல. எட்டு வருஷம் பார்த்தாங்க. தர்ப்பையில ஆளு கட்டி அதே சர்வதீர்த்தத்துல காரியம் பண்ணிட்டாங்க. அவரு தறியில இருந்த பாவ அறுத்தாங்க. பொண்டாட்டிக்குத் தாலிய அறுத்தாங்க.”

“பதினோராவது வருஷம் ஆடி அமாவாச அன்னிக்கு வந்து நிக்கறாரு,” என்றாள் அம்சவேணி.

“நான் சொல்றேன் இரு. கோட்டு போட்டுக்கினு, கையில குடை, கால்ல பூட்ஸ். தெருவே கூடிடுச்சாம். ஆனா உள்ள எப்பிடி வுடறது? காரியம் ஆன ஆளு. உள்ள வந்தா வூட்டுக்கு ஆவாதுன்னுட்டாங்க. சோறு இல்லன்னும் சொல்ல முடியல, பெத்த வயிறு. வாசலுக்கு வெளிய, தெருவுல இலை போட்டாங்க. அங்கயே உக்காந்து துன்னாராம். மூணு நாளு.”

“அவரு பொண்டாட்டி?” என்றாள் சங்கீதா.

“அவ தறிக்குழியில உக்காந்தவதான். மூணு நாளும் ஏறவே இல்லையாம். அழுதுக்கினே இருந்திருப்பா, பாவம். அதான் இன்னிக்கும் தெருவுல இலை இருக்கறவரைக்கும் வூட்டுப் பொம்பளைங்க தறிக்குழியிலதான் உக்காரணும். தறி சத்தம் வரக்கூடாது.”

“அவங்க பேரு இன்னா அத்தே?”

லோகாம்பாள் நாத்தனாரைப் பார்த்தாள். இருவருக்கும் தெரியவில்லை. தில்லைநாயகம் தெருத் தாத்தா, அவள் தெருத் தாத்தா பொண்டாட்டி என்றுதான் சொல்வார்கள்.

அப்புறம் என்ன ஆச்சு என்று சங்கீதா கேட்டாள். கேட்கும்போது கத்தி வாழைக்காயில் பாதி இறங்கி நின்றிருந்தது.

“அப்புறம் இன்னா, போயிட்டாரு. கழுத்துல இருந்த வில்லைய கழட்டி இலையிலயே வெச்சிட்டுப் போயிட்டாரு. விபூதி வெக்கற மரவையில கெடக்குதே, அதான். ஆனா நல்ல மனசுக்காரரு. தன்ன உள்ள வுடலன்னு கோவப்படல. அங்க மூணு வேளையும் அரிசிச் சோறு, நிலம் குடுக்கறாங்க, வாங்கன்னு சொல்லி இந்தத் தெருவுலேருந்தே ஒன்பது ஆம்பளைங்களக் கூட்டிக்கினு போனாராம். பஞ்சத்துல அடிபட்ட சனம் பாரு. பொண்டாட்டி கூடப் பொறந்தவன்கூட அதுல ஒருத்தன்னு சொல்லுவாங்க. சொந்தம்னு பார்த்துத்தான் செஞ்சாரு.”

“அவங்கள்ல யாரு திரும்பி வந்தாங்க?”

“யாரும் வரல. நல்லா இருந்திருப்பாங்க, இங்க எதுக்கு வர்றாங்க.”

சங்கீதா கத்தியைக் கீழே வைத்தாள். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து பின்கட்டுக்குப் போனாள். தொட்டித் தண்ணீரில் கை வைத்தாள். கறை போகவில்லை. கோட்டுப் போட்ட ஒரு ஆள் தெருவில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதும், சாப்பிட்டுக்கொண்டே, சுற்றி நிற்கிற மெலிந்த ஆண்களை ஒவ்வொருவராகக் கண்ணால் எண்ணுவதும் அவளுக்குத் தெரிந்தன. ஒன்பது பேருக்கு அவருக்கு அங்கே என்ன கொடுத்திருப்பார்கள். குழிக்குள் உட்கார்ந்திருந்தவள் வாசலில் கேட்ட ஒவ்வொரு பேச்சையும் கேட்டுக்கொண்டுதானே இருந்திருப்பாள். தம்பியின் குரலையும் கேட்டிருப்பாள். பேர்கூடத் தெரியாத அந்தப் பெண் அழுதாள் என்று யார் பார்த்தது?

கூடத்திலிருந்து அம்சவேணி, உப்பு எங்கே வைத்திருக்கிறாய் என்று கத்தினாள்.

அமாவாசை அன்று தெருவே நிசப்தமாக இருந்தது. அன்று நெசவுக்காரர்களுக்கு லீவு. எந்த வீட்டிலும் தறி ஓடாது. பழகிய சத்தம் இல்லாததால் காற்றுச் சத்தம் பெரிதாகக் கேட்டது. காலையில் சபாபதி சர்வதீர்த்தத்துக்குப் போய்த் தகப்பனுக்கும் தாத்தாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்தார். குளத்தில் நல்ல கூட்டம், தண்ணீர் படியோடு கிடக்கிறது என்று மட்டும் சொன்னார். மகனைப் பற்றி அங்கே யாராவது கேட்டார்களா என்று லோகாம்பாள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

உச்சி வேளையில் வாசலுக்கு வெளியே, சிமெண்ட் ரோட்டின் ஓரத்தில் தண்ணீர் தெளித்து இலை போட்டார். சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், புடலங்காய்க் கூட்டு, சேனை வறுவல், வடை, எள்ளுருண்டை. இலை பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் கல் வைத்தார். இலைக்கு முன்னால் தகர வில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். காக்காயோ மாடோ நாயோ, எது வந்து வாய் வைத்தாலும் சரி, அதற்குப் பிறகுதான் இலையை எடுக்கலாம். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன், சபாபதியண்ணே தெருத் தாத்தா வந்துட்டாரா என்று கேட்டபடி இலையைச் சுற்றிக்கொண்டு போனான்.

உள்ளே கதவைப் பாதி சாத்திக்கொண்டு மாமியாரும் மருமகளும் பிரேம்நாத்தின் தறிக்குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்தார்கள். அம்சவேணி தலைவலி என்று பின்கட்டில் படுத்துவிட்டாள். குழி குளிர்ச்சியாக இருந்தது. இரண்டரை வருஷமாக யாரும் மிதிக்காத மிதிகட்டைகளில் நான்கு பாதங்கள். மூடியிருந்த சேலையை லோகாம்பாள் கொஞ்சம் விலக்கினாள். அரக்குச் சிவப்புப் பாவு, தூசி படியாமல், நேற்று நிறுத்தியதுபோல இருந்தது. ஒரு விரலை மட்டும் இழைகளின்மேல் வைத்துக்கொண்டாள்.

இலை இருக்கும்போது பேசக்கூடாது என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் பேசுவதில்லை.

“வலது காதுக்குப் பின்னால ஒரு மச்சம் இருக்குது,” என்றாள் லோகாம்பாள். “மொளகு அளவு. முடி வெட்டனாத்தான் தெரியும். பொறந்தப்பவே இருந்துது. உனக்குக்கூடத் தெரியாது.”

“தெரியாது அத்தே.”

“அந்தத் தம்பிகிட்ட போன்ல சொல்லிடு. ஆனா ஆஸ்பத்திரியில இருக்கறவங்க காதுல மட்டும் பாக்கச் சொல்லு. இன்னொரு எடத்துல பாக்க வேணாம்.”

சங்கீதா தலையாட்டினாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள்.

“அவரு உசுரோடதான் இருக்காரு அத்தே.”

லோகாம்பாள் திரும்பினாள். போன் வெளிச்சத்தில் இருந்தது இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ். அவளுக்கு அதைப் படிக்க வராது. படி என்று கையைக் காட்டினாள். சங்கீதா முதல் இரண்டு வார்த்தையை மட்டும் படித்தாள்.

“ஊடை மச்சான்.”

அருள் சின்ன வயசில் நூல்போல இருப்பான். பாவுக்குக் குறுக்கே ஓடுகிற ஊடை இழைபோல இருக்கிறாய் என்று சொல்லி, கல்யாணத்தன்றைக்கே பிரேம்நாத் அவனுக்கு வைத்த பெயர் அது. அவனைத் தவிர வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

லோகாம்பாளின் முகம் மாறியது. இரண்டு கையாலும் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன்தான். அவன்தான்டி அது. எப்ப வந்துது? ஏன் சொல்லல? மாமாவக் கூப்புடு. இரு, இலை கெடக்குது, எழக்கூடாது. மீதியப் படி. இன்னா எழுதியிருக்கறான்? எப்ப வர்றானாம்?”

சங்கீதா படித்தாள். நல்ல வேலை இருக்கிறது மச்சான், டிக்கெட் அவங்களே போட்டுடுவாங்க, பாஸ்போர்ட் மட்டும் எடுத்து வை, அக்காகிட்ட சொல்லாதே. அவ்வளவுதான் இருந்தது. பிறகு போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, சித்திரையில் வந்த போனைப் பற்றிச் சொன்னாள். ஒரு ஆள் கிடைத்துவிட்டான், இன்னும் ஒரே ஒரு ஆள் என்றதைச் சொன்னாள். லைன் கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன் என்றாள். ஆரணிப் பையன் சொன்னதையும், அந்தத் தாளின் கடைசிக் கட்டத்தையும் சொன்னாள். குரலை உயர்த்தாமல், குழியைப் பார்த்தபடியே சொன்னாள்.

மணிக்கட்டைப் பிடித்திருந்த கைகள் பிடியை விடவில்லை. ஆனால் இறுக்கம் போய்விட்டது. லோகாம்பாள் எதையோ கணக்குப் போடுகிறவள்போலப் பாவின் இழைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வவுத்துக்கு இல்லாம செஞ்சிருப்பான்,” என்றாள் கடைசியில். “அடிச்சிருப்பானுங்க.”

“அடிச்சிருப்பாங்க அத்தே. நெஜந்தான்.”

“எம் புள்ள அப்பிடிப்பட்டவன் இல்ல.”

“இல்லதான். இருந்தாலும் கேட்டாரு. இன்னிக்கும் கேக்கறாரு. அருள் போறேன்னு துடிக்கறான். நாளைக்கே உங்க புள்ள வாசல்ல வந்து நின்னாருன்னு வையுங்க. நீங்க கதவத் தொறப்பீங்க, தொறக்காம இருக்க முடியாது. நான் இந்தக் குழியிலேருந்து ஏற மாட்டேன்.”

வெளியே இறக்கை அடிக்கிற சத்தம் கேட்டது. காக்கா வந்துவிட்டது. ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. ஸ்டூல் நகர்ந்தது. சபாபதி தொண்டையைச் செருமிக்கொண்டு, இலையை எடுத்துடட்டுமா என்று வாசலிலிருந்து கேட்டார்.

சங்கீதா தன் மணிக்கட்டிலிருந்த மாமியாரின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

“உங்க புள்ளைக்கும் பசிக்கும் அத்தே. அது எனக்குத் தெரியும். மாமாகிட்ட சொல்லுங்க. தெருவுல இன்னொரு இலை போடட்டும்.”